அனுப்பியவள் நான் அல்ல

பழைய சோஃபாவைப் பிரிக்கும்போது எழுகிற தூசி, அது கிடந்த வீட்டையே பட்டறைக்குள் கொண்டுவந்துவிடும். யாரோ தேய்த்துக்கொண்ட வலித் தைலம், எவரோ சிந்திய தேநீர், எந்தக் குழந்தையோ ஒளித்துவைத்து மறந்த ரொட்டித் துண்டு, எல்லாம் சணல் துணிக்கு அடியிலிருந்து கிளம்பி மூக்கில் ஏறும். அந்தத் தூசியைத் தின்று, அந்தத் தூசியால் பிழைத்து, ஒரு குடும்பம் அந்தத் தெருமுனையில் தலை நிமிர்ந்து நின்றது. கீழே பட்டறை, மேலே வீடு. நடுவே ஒரு மரப்படி.

பட்டறையின் மூத்தவர் ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு வேலை செய்பவர். காந்தச் சுத்தியலை உதட்டருகே கொண்டுபோவார், ஆணி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், சட்டத்தில் இறங்கும். காலையிலிருந்து மாலைவரை இதுதான். வாய் நிறைய ஆணி இருப்பவர் என்ன பேச முடியும்? தெரு அவருக்கு 'ஆணிவாயர்' என்று பட்டம் கட்டியது. அவர் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேச ஒரு தம்பி இருந்தான். வேன் ஓட்டுவது அவன். சோஃபாக்களை ஏற்றி இறக்குவது அவன். வந்தவரிடம் வாயாடி வேலை பிடிப்பதும் அவன்தான்.

இவர்களுக்கு நடுவில், சன்னலோரத் தையல் இயந்திரத்தில், அவள். மூத்தவருக்கு மனைவி, இளையவனுக்கு அண்ணி, வாடிக்கையாளர்களுக்குத் தையலம்மா. ரெக்சினோ வெல்வெட்டோ, அவள் ஓட்டிய தையலைப் பிரிக்க வேண்டுமானால் துணியைத்தான் கிழிக்க வேண்டும் என்பார்கள்.

அந்தப் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு: உறையைப் பிரிக்காமல் விலை சொல்லாதே. எதிர்ச் சாரியில் இருந்த கடைக்காரர் நாற்காலியைத் தட்டிப் பார்த்தே விலை சொல்லிவிடுவார். இங்கே அது நடக்காது. மேலே பட்டு மாதிரி இருக்கும், உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்துக் கிடக்கும். மேலே கந்தலாக இருக்கும், உள்ளே தேக்குச் சட்டம் சிரிக்கும். ஆகவே எது வந்தாலும் முதலில் பிரி, பார், பிறகு பேசு. மாமனார் காலத்துச் சட்டம். அதை அவள் தன் கைவிரல்களுக்கே கற்றுக்கொடுத்திருந்தாள்.

பட்டறைக்குக் கணினி வந்தது அவர்கள் மகளால். அவள்தான் கடைக்கு மெயில் முகவரி ஒன்றைத் தொடங்கினாள்; வேலை வந்தது, விசாரிப்பு வந்தது, கடையின் பெயர் நாலு தெரு தாண்டிப் போனது. பிறகு மகளுக்கே வெளியூரில் வேலை கிடைத்தது. போகிற அன்று அம்மாவைக் கணினி முன் உட்காரவைத்து, திறக்க, படிக்க, பதில் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாள்:

"கண்டதையும் தொட்டுத் தொலைச்சிடாதே. அப்புறம் நான்தான் வந்து அழணும்."

எத்தனை வீடுகளில், எத்தனை வாய்களில், எத்தனை தலைமுறையாய்ச் சொல்லப்பட்டுவரும் உபதேசம் இது! எது கண்டது, எது தொடக்கூடாதது, ஏன் கூடாது என்று ஒரு சொல்லும் கிடையாது. அறிவைக் கொடுக்க நேரமில்லாதவர்கள் அச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அச்சத்துக்குச் செலவு குறைவு.

ஆனாலும் தையலம்மா கற்றுக்கொண்டாள். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாய்த் தேடித் தட்டினாள். முன்பெல்லாம் கடைக்குள் நுழைகிறவர்கள் அவளிடம் துணியின் நிறத்தைக் கேட்பார்கள், விலை என்று வந்ததும், "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். மெயிலில் அந்த எட்டிப்பார்த்தல் இல்லை. அவள் சொன்ன விலை விலையாயிற்று. அவள் சொன்ன நாள் நாளாயிற்று. இத்தனை காலம் முதுகை வளைத்துத் தைத்தவளுக்கு, நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. அதை இழக்க அவள் தயாராயில்லை.

கொழுந்தனுக்கு அது உறுத்தியது.

"அண்ணி இப்ப ஆபீசர். இனிமே சோறு வேணும்னா மனு எழுதிப் போடணும்" என்பான்.

"மனு எழுதினா மட்டும் போதாது தம்பி, தட்டையும் கழுவி வைக்கணும்" என்பாள் அவள். ஆணிவாயர் ஆணிகளுக்கு நடுவே மூக்கால் சிரிப்பார்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. ஈரத்தில் பசை காயாது. நுரைப் பலகைகள் கனத்துக் கிடந்தன. தையலம்மா ஒரு நாற்காலிக் கையின் உறையைப் பாதி தைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். புது மெயில் ஒன்று. பழைய சோஃபா ஒன்று இருக்கிறது, புதுப்பிக்க என்ன ஆகும், படங்கள் இதோ, என்று பணிவான நாலு வரி. கீழே நீல எழுத்தில் ஓர் இணைப்பு.

பிரிக்காமல் விலை சொல்லாதே. அவள் அமுக்கினாள்.

மெயில் பெட்டியின் வாசல் மாதிரியே ஒரு பக்கம் வந்து நின்றது. அதே நிறம், அதே எழுத்து. படங்களைக் காண உங்கள் கடவுச்சொல்லை மீண்டும் இடுக, என்றது. யாரென்று கேட்டுத்தானே கதவு திறக்கும், கேட்கட்டும், என்று நினைத்து ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டினாள். படம் எதுவும் வரவில்லை. வெள்ளைப் பக்கம் ஒன்று வந்து அப்படியே நின்றது.

துணிக்குள் ஊசி ஒடிந்தால் தையல்காரியின் விரலுக்கு முதலில் தெரியும். கண்ணுக்குப் பிறகுதான் தெரியும். அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. மகளின் 'தொட்டுத் தொலைச்சிடாதே' ஒரு பக்கம், கொழுந்தனின் 'ஆபீசர்' மறுபக்கம். நடுவில் அவள் தன் பயத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தையலுக்குத் திரும்பினாள். திருடன் வீட்டுக்குள் நிற்க, வீட்டுக்காரி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தபோது கடையின் தொலைபேசி அடித்தது. இரண்டாம் தெரு விடுதிக்காரம்மா. விடுதியின் கட்டில் மெத்தைகள் எல்லாம் இந்தப் பட்டறை வேலைதான்.

"ஏம்மா தையலம்மா, என்ன நீ, என் பாஸ்வேர்டைக் கேக்கறே? என் மெத்தையோட அளவு உனக்குத் தெரியும், சரி. என் பாஸ்வேர்டு உனக்கு எதுக்கு?"

"நான் எங்கம்மா கேட்டேன்?"

"உன் பேர்ல மெயில் வந்திருக்கே. புதுத் துணி மாதிரியெல்லாம் பாருங்கன்னு போட்டிருக்கு. அமுக்கினா உள்ள வர விட மாட்டேங்குது, பாஸ்வேர்டைப் போடுங்கறது. எனக்கு மறந்துபோச்சு, அதான் உன்னையே கேட்டுடலாம்னு."

"போடலையே?"

"மறந்துபோச்சுன்னு சொல்றேனே."

"நல்லதாப் போச்சு. ஞாபகம் வந்தாலும் போடாதீங்க. அது நான் அனுப்பினது இல்ல. உங்க விடுதியில வேற யாருக்கும் அது போயிருந்தா அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. நான் திரும்பக் கூப்பிடறேன்."

தொலைபேசியை வைத்தாள்.  தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தாள்.

"காலைல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். எவனோ அனுப்பின லிங்க்கை அமுக்கிப் பாஸ்வேர்டைக் குடுத்துட்டேன். இப்ப அவன் நம்ம பேர்ல எல்லாருக்கும் அதே வலையை வீசிக்கிட்டிருக்கான்."

கொழுந்தன் பிசைந்த கையோடு நிமிர்ந்தான். "நான் அன்னிக்கே சொன்னேன். தெரியாத வேலை எதுக்கு அண்ணி நமக்கு? சரி, விடுங்க. அந்தக் கம்ப்யூட்டரை மூடி மேல ஏத்திடுவோம். யாராவது கேட்டா, மிஷின்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம். நாமளே போய்த் தம்பட்டம் அடிச்சா நாளைக்கு எவன் நம்மகிட்ட வேலை குடுப்பான்?"

"சொல்லலைன்னா இன்னிக்கே எத்தனை பேர் மாட்டுவாங்க?"

"அது அவங்கவங்க சாமர்த்தியம்."

"நம்ம பேரைப் பார்த்துத்தானே அமுக்குவாங்க தம்பி? அது எப்படி அவங்க சாமர்த்தியம் ஆகும்?"

"ஊர் வாயை மூட முடியுமா அண்ணி?"

"மூட வேண்டாம். நானே திறந்து விடறேன்."

ஆணிவாயர் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணி இல்லாத நேரத்திலும் அவருக்குச் சொல் மெதுவாகத்தான் வரும். "பொண்ணைக் கூப்பிடு" என்றார்.

மகளைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அந்தப் பக்கம் வெடித்தது.

"நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! கண்டதையும் தொடாதேன்னு..."

"திட்டறதைச் சாயங்காலத்துக்கு வச்சுக்கோ. நானே கூப்பிட்டு வாங்கிக்கறேன். இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"எப்ப அமுக்கினே?"

"காலைல."

"காலைலயா? ஏன் அப்பவே சொல்லல? அப்பவே சொல்லியிருந்தா அவன் ஒரு மெயில்கூட அனுப்பியிருக்க முடியாது."

"நீ திட்டுவேன்னு."

  மகளின் குரல் இப்போது வேறு சுருதியில் வந்தது.

"சரிம்மா. அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதே, அது அப்படியே இருக்கட்டும். உன் போனை எடு. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், நானே இங்கேருந்து மாத்திடவா?"

"வேண்டாம். நீ சொல்லு, நான் பண்றேன். விழுந்தவதான் எந்திரிக்கணும்."

மகள் சொன்னாள், தாய் செய்தாள். புதிய கடவுச்சொல், வேறெங்கும் பயன்படுத்தாதது, நீளமானது. பிறகு, அந்தப் பெட்டி எந்தெந்தக் கருவியில் திறந்து கிடக்கிறதோ அத்தனையிலிருந்தும் வெளியேற்றுவது. பிறகு, கடவுச்சொல் தெரிந்தாலும் கைபேசிக்கு வரும் எண் இல்லாமல் உள்ளே வர முடியாதபடி இரண்டாவது தாழ்ப்பாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அமுக்கும் முன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள். மகள் அவசரப்படுத்தவில்லை.

"இன்னொண்ணு பாரும்மா. வர்ற மெயிலை வேற எங்கயாவது திருப்பிவிட்டிருக்கானான்னு."

இருந்தது. கடைக்கு வரும் பதில்களெல்லாம் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்விட்டு, இங்கே அழிந்துபோகும்படி வாய்க்கால் வெட்டிவைத்திருந்தான். அதனால்தான் காலையிலிருந்து பெட்டி அத்தனை அமைதியாக இருந்தது. தையலம்மா அந்த வாய்க்காலைத் தூர்த்தாள்.

"இனிமே லிங்க் வந்தா அதுமேல மவுஸ் அம்பை வச்சுட்டுச் சும்மா இரு, அமுக்காதே. ஓரத்துல சின்ன எழுத்துல அது உண்மையில எங்க போகுதுன்னு வரும். மேல என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே, அதைப் பாரு. அதுலயும் புரியலைன்னா விட்டுடு. போன் போட்டுக் கேளு."

"அடித்துணியைத் திருப்பிப் பார்க்கற மாதிரி."

"ஆமாம்மா."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. இது எனக்குப் புரியற விஷயந்தானே."

"நீ கேக்கலையேம்மா."

"நீ தொடாதேன்னுதானே சொன்னே. தொடாததைப் பத்தி என்னன்னு கேக்கறது?"

 "தப்புதாம்மா" என்றாள் மகள். "இப்ப எல்லாருக்கும் சொல்லணும். மெயில்ல சொன்னா நம்பறது கஷ்டம். உன் குரல்ல சொல்லு."

தையலம்மா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராய்க் கூப்பிட்டாள். "நான் தையலம்மா பேசறேன். என் பேர்ல ஒரு மெயில் வந்திருக்கும், திறக்காதீங்க. தப்பு என்னோடது." சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் சிரித்தார். ஒருவர், "இதுக்குத்தான் படிச்சவங்களை வேலைக்கு வைக்கணும்" என்றார். "வச்சா உங்களுக்குச் சொல்லி அனுப்பறேன். இப்ப அதைத் திறக்காதீங்க" என்று இவள் அடுத்த எண்ணுக்குப் போனாள். அவமானம் ஒவ்வோர் அழைப்பிலும் ஒரு பிடி குறைந்தது. மறைத்து வைத்தபோது மலையாய்க் கனத்தது, சொல்லச் சொல்லக் கூழாங்கல்லாய்ச் சிறுத்தது.

பக்கத்தில் 'டங்' என்று தகரக் கிண்ணம் ஒலித்தது. ஆணிவாயர் சற்று முன் வேலையில் உட்கார்ந்து வாயில் போட்டுக்கொண்ட ஆணிகளைத் துப்பியிருந்தார். அவருடைய பழைய கைபேசியை எடுத்தார். "எனக்குப் பாதி நம்பரைக் குடு" என்றார். தெருவில் எவரும் கேட்டறியாத நீண்ட பேச்சு அன்று அவர் வாயிலிருந்து வந்தது. "நான்தான். சோஃபாக் கடை. ஆமா, பேசறது நான்தான். எனக்குப் பேச வரும்." எதிர்முனையில் இருந்தவர்கள் மெயிலைவிட இதைத்தான் முதலில் நம்ப மறுத்தார்கள்.

கொழுந்தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றான். ஒரு கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது.

எல்லாரையும் கூப்பிட்டு முடித்தாயிற்று, ஒருவரைத் தவிர. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். காது அறவே கேட்காது. தொலைபேசியை எடுக்க மாட்டார். உலகத்தோடு அவருக்கு இருந்த ஒரே கதவு மெயில். அவர் மனைவிக்கு மூச்சு நோய். படுத்தால் திணறும், உட்கார்ந்துதான் உறங்க முடியும். அந்த அம்மாளுக்கென்று சாய்வும் அகலமும் பார்த்து ஒரு நாற்காலியைப் போன மாதம் இந்தப் பட்டறைதான் செய்தது. மருத்துவரின் குறிப்பும், மருந்துச் சீட்டும், பிராணவாயு உருளை எப்போது வரும் என்ற செய்தியும் அவருக்கு அந்த ஒரு கதவு வழியாகத்தான் வந்தன. அந்தக் கதவின் சாவி திருடன் கைக்குப் போனால், நூலகர் அவருடைய வீட்டுக்கே அந்நியராகிவிடுவார்.

அதற்கும் மேல், அவர் ஒழுங்கின் உருவம். வந்த மெயிலுக்குப் பதில் எழுதாமல் ஒரு வேளை உணவு உண்ண மாட்டார்.

"தம்பி, வேனை எடு. நூலகர் வீட்டுக்குப் போகணும்."

"இந்த மழையிலயா? வைப்பர் வேலை செய்யல அண்ணி. நாளைக்குப் பார்த்துக்கலாம். இவ்வளவு நேரத்துல அவர் அமுக்காமலா இருப்பாரு?"

"அமுக்காம இருந்தா?"

"ஒருத்தருக்காக..."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. குடையை எடுத்தாள். நடந்தாள். பாலத்தடிச் சாலையில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஓடியது. காற்று குடையை உள்வெளியாக மடித்தது. மடித்ததை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். மீண்டும் மடித்தது, மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி நடந்தாள். ஏன் நடக்கிறோம் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. தன் பெயரைத் தன் முதுகுக்குப் பின்னால் எவனோ சுமந்துகொண்டு ஊருக்குள் திரிகிறான். அவனுக்கு முன்னால் அவள் போய்ச் சேர வேண்டும்.

பின்னால் ஒலிப்பான் அடித்தது. வேன். கொழுந்தன் எட்டிக் கதவைத் திறந்தான்.

"ஏறுங்க. அண்ணன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறாரு. உங்களை விட்டுட்டு உள்ள வராதேன்னுட்டாரு."

சன்னல் வழியே துணியை நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

நூலகர் வீட்டுக் கதவு தாழிடப்படவில்லை. மனைவி முன்னறையில், அந்த நாற்காலியில், கழுத்துவரை போர்வையோடு சாய்ந்திருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். தையலம்மாவின் சேலையிலிருந்து வடிந்த நீரைப் பார்த்து, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிக்கொண்டு, "உள்ள... இருக்காரு... உங்களோடதான்... பேசிக்கிட்டிருக்காரு..." என்றார்.

உங்களோடதான். தையலம்மா உள்ளறைக்கு ஓடினாள்.

உள்ளறையில் நூலகர் திரைக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் எழுதியது திரையில் இருந்தது: 'அம்மா, வணக்கம். இந்த இணைப்பை அனுப்பியது தாங்கள்தானா? உறுதி செய்தால் திறக்கிறேன்.' கீழே பதில்: 'ஆம், நான்தான் அனுப்பினேன். தயங்காமல் திறவுங்கள்.' அதற்கும் கீழே அவளுடைய பெயர், பட்டறையின் பெயர், அவள் தெருவின் பெயர்.

தான் எழுதாத எழுத்தைத் தன் பெயரின் கீழ்ப் படிப்பது எப்படி இருக்கும்? கண்ணாடி முன் நின்று கை தூக்காமலிருக்க, கண்ணாடிக்குள் இருப்பவள் கை தூக்கினாற்போல் இருந்தது அவளுக்கு. அந்த மனிதர் கேட்டிருக்கிறார். பண்போடும் எச்சரிக்கையோடும் கேட்டிருக்கிறார். திருடனிடமே போய், நீ திருடனா என்று கேட்டிருக்கிறார்.

பக்கத்துச் சாளரத்தில் அதே பொய் வாசல். கடவுச்சொல் கட்டத்தில் பாதிவரை கரும்புள்ளிகள் வரிசையாய் நின்றன. அவர் விரல் அடுத்த எழுத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

தையலம்மா பின்னாலிருந்து பாய்ந்து தன் ஈரக்கையை விசைப்பலகையின் மேல் விரித்தாள்.

நூலகர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீங்களா? காலையில நீங்க போட்ட பதிலை இப்பத்தானே பார்க்கறேன்? அதுக்குள்ள நேர்லயே வந்துட்டீங்களே" என்றார், காது கேளாதவரின் உரத்த குரலில்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். வாயசைத்தாள், அவருக்குப் புரியவில்லை. பொய் வாசலை மூடினாள். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, நின்றபடியே, ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினாள். ஒவ்வோர் எழுத்தையும் தேடினாள்; தேடிய எழுத்தைக் குத்தினாள். சேலை நுனியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது. நூலகர் ஒவ்வோர் எழுத்தாய் வாய்விட்டுப் படித்தார்.

'அது நான் இல்லை. நான் இங்கே நிற்கிறேன். காலையில் என் தப்பால் ஒரு திருடன் என் பெட்டிக்குள் வந்துவிட்டான். உங்களுக்குப் பதில் சொன்னது அவன்.'

நூலகரின் கை தானாக விசைப்பலகையை விட்டு விலகி மடிக்கு வந்தது. முன்னறையில் மனைவியின் மூச்சு ஏறி இறங்கும் ஒலி கேட்டது. அது தையலம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது.

"அப்ப இனிமே..." என்றார் அவர். உரத்த குரல் சற்றுத் தாழ்ந்தது. "இனிமே எழுதறது நீங்கதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அதற்கு மகள் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.  தையலம்மா தானே யோசித்து எழுதினாள்: 'நான் இனி யாருக்கும் லிங்க் அனுப்ப மாட்டேன். என் பேரில் வந்தால் அது நான் இல்லை. சந்தேகம் வந்தால் அதே மெயிலில் கேட்காதீர்கள். வேற வழியில் கேளுங்கள்.'

"எனக்கு வேற வழி ஏது அம்மா? போன்ல பேச முடியாதே."

"எனக்கு... முடியும்" என்றது முன்னறைக் குரல். தையலம்மா திரும்பிப் பார்த்தாள். "மூச்சுதான்... குறைச்சல். காது... நல்லாத்தான் இருக்கு. போனை... எடுத்து அலமாரியில பூட்டி வச்சிருக்காரு... நான் தூங்கணுமாம். எப்பவும் தூங்கிக்கிட்டா இருக்கேன்?"

அதையும் தையலம்மா எழுதினாள். நூலகர் படித்தார். மறுபடி படித்தார். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து தொலைபேசியை எடுத்து, கம்பியை இழுத்து, மனைவியின் நாற்காலிக் கைப்பிடியின்மேல் வைத்தார். நோயாளியின் உறக்கத்தைக் காப்பதாக எண்ணி, அந்த வீட்டின் விழிப்பையே அவர் பூட்டிவைத்திருந்தார். மனைவி அதை மடிக்கு நகர்த்திக்கொண்டு, "கடை எண்... சொல்லுங்க... நானே சுத்திப் பார்க்கறேன்" என்றார். சுற்றினார். பட்டறையில் ஆணிவாயர் எடுத்தார்.

"பேசறது... அவரா? அவருக்குப் பேச வருமா?" என்று அந்த அம்மாள் வியந்தார். சிரிப்பில் மூச்சு வாங்கியது. ஆனாலும் விடாமல் சிரித்தார்.

வேனில் ஏறியபோது மழை தூறலாய் இறங்கியிருந்தது. கொழுந்தன் சாவியைத் திருகினான், வண்டியை எடுக்கவில்லை.

"அண்ணி."

"என்ன?"

"ஒண்ணும் இல்ல." கொஞ்ச தூரம் ஓட்டினான். பாலத்தடியில் வேகம் குறைந்தது. "அண்ணி, எனக்கும் ஒண்ணு வந்துச்சு. போன வாரம். வண்டிக்கு அபராதம் போட்டிருக்கு, இங்க அமுக்கிப் பாருங்கன்னு. அமுக்கினேன். என்னமோ இறங்குச்சு. அதுலேருந்து போன் அடுப்பு மாதிரி கொதிக்குது. என் கூட்டாளிங்களுக்கெல்லாம் என்கிட்டேருந்து அதே மாதிரி போகுதாம். ஒருத்தன் கேட்டான், நான் இல்லைன்னு சாதிச்சுட்டேன்."

தையலம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் சொற்கள் இருந்தன. 'ஆபீசர்' என்றவனுக்குத் திருப்பிக் கொடுக்க, 'தெரியாத வேலை எதுக்கு' என்றவனுக்கு அடுக்கிக் கொடுக்க, நாக்கு நுனியில் கூர்தீட்டிய ஊசிகளாய்ச் சொற்கள் இருந்தன. குத்தினால் இவன் மூடிக்கொள்வான். மூடிக்கொண்டால் அவன் நண்பர்கள் வீழ்வார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றான் அவன்.

"நீயே சொல்லுவே. அது அப்புறம். ஓரமா நிறுத்து."

நிறுத்தினான்.

"அந்தப் போனை அணைச்சுடு. வீட்டுக்குப் போனதும் பொண்ணுகிட்டக் கேட்டுச் சுத்தம் பண்ணலாம். இந்தா, என் போன். உன்னை முதல்ல கேட்டானே அவன், அவனோட எண் மனசுல இருக்கா?"

இருந்தது. அவள் அழுத்தினாள். மணி அடித்தது. யாரோ எடுத்து, யாரு என்று கேட்டார்கள். அவள் கைபேசியை அவன் காதருகே நீட்டினாள். கொழுந்தன் வாயைத் திறந்தான். ஊருக்கெல்லாம் பேசும் அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"தப்பு என்னோடதுன்னு ஆரம்பி" என்றாள் அண்ணி. "அப்புறம் தானா வரும்."